நாகர்கோவிலில் வாடகை வீடு: பழைய வீடு வாங்குவதா, மாடி எடுப்பதா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கையில் 25 லட்சம் இருக்கிறது. வடசேரிப் பக்கம் 5 செண்டில் மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் இருக்கக்கூடிய பழைய வீடு 45 லட்சத்துக்கு வருகிறது. மீதியை வங்கியில் கடன் எடுத்து அதை வாங்கி வாடகைக்கு விடலாமா? அல்லது ஆசாரிபள்ளத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்து விடலாமா? எதைச் செய்தாலும் அங்கிருந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதலில் கணக்கு. 45 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 4,05,000 ரூபாய். பழைய வீடு என்பதால் குடி வைக்கும் முன் ஒரு லட்சமாவது செலவாகும். ஆக 50 லட்சம். கீழே 8,000, மேலே 7,000 என்று வாடகை வந்தால் ஆண்டுக்கு 1,80,000. இதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடப்பதாக 15,000, வரி 5,000, பழுதுக்கு 18,000, மேற்பார்வைக்கு ஆள் வைத்தால் 12,000 கழியும். கையில் நிற்பது 1,30,000. போட்ட பணத்துக்கு 2.6 சதவீதம். 25 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டிக்கு 15 ஆண்டுகளில் கட்டுவதானால் மாதத் தவணை சுமார் 24,600. வாடகையில் மிஞ்சுவது மாதம் 10,800. மாதாமாதம் 13,800 ரூபாயை நீங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வேலை போனாலும் போட வேண்டும்.

இனி மாடி. 850 சதுர அடியை, சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்தால் 19,55,000. வெளிப்படிக்கட்டு, தனித் தொட்டி, தனி மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 21 லட்சம். கடன் தேவையில்லை. மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பதால் 9,000 வாடகை கிடைக்கும் என்று கொள்வோம், ஆண்டுக்கு 1,08,000. காலி மாதம், வரி, பழுது எல்லாம் கழித்தால் 86,000 அளவில் நிற்கும். போட்ட பணத்துக்கு 4 சதவீதத்துக்கும் சற்று மேல். இந்த வாடகை, கட்டுமானச் செலவு எண்களெல்லாம் கணக்கை விளக்க நான் வைத்தவை. உங்கள் தெருவில் நான்கு வீட்டில் விசாரித்து அந்த எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். எண் மாறும், முடிவு பெரும்பாலும் மாறாது. இந்த மாவட்டத்தில் நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் வாடகை மிகக் குறைவு. சொந்த வீடு கட்டுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் ஊர் இது. வெளிநாட்டுப் பணமும் நிலத்தில்தான் வந்து விழுகிறது. அதனால் நிலம் ஏறுகிற வேகத்தில் வாடகை ஏறுவதில்லை.

5 செண்ட் நிலம் கையில் சேர்கிறதே என்பது நியாயமான பதில்தான். மாடிக்கு அந்தப் பலன் இல்லை. ஆனால் நில விலை ஏறும் என்பதற்காக வாங்குவதென்றால் அது வேறு கணக்கு. அதற்குப் பழைய வீட்டையும் குடித்தனக்காரரையும் பழுதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. வாடகை வருமானம்தான் நோக்கம் என்றால், என் முடிவு மாடி எடுப்பது. ஒரே ஒரு நிபந்தனை: கீழ்வீடு அதைத் தாங்க வேண்டும். 1980-களிலும் அதற்கு முன்னும் கட்டிய பல வீடுகள் தூண் இல்லாதவை, கருங்கல் அடித்தளத்தின் மேல் சுவரே சுமை தாங்கும் கட்டுமானம். சுவர் 9 அங்குலமா, கீழே உள்ள சுவருக்கு நேர் மேலேயே மாடிச் சுவர் வருமா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதை இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுதித் தர வேண்டும். கொத்தனாரின் 'தாங்கும்' என்ற சொல் போதாது. கட்டட அனுமதியும் முதலிலேயே வாங்குங்கள். அனுமதி இல்லாத மாடிக்குப் பிறகு வரி விதிக்கும்போதும் மின் இணைப்புக் கேட்கும்போதும் முட்டும்.

ஆனாலும் வாங்குவது என்றே முடிவெடுத்தால், குமரி மாவட்டத்துக்கென்றே சில பத்திரச் சிக்கல்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த, பழைய சர்வே எண்ணையும் ரீ சர்வே எண்ணையும் ஒப்பிடத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பத்திரத்தில் 5 செண்ட், பட்டாவில் 4¾ செண்ட், காம்பவுண்டுக்குள் 4½ செண்ட் என்று மூன்று அளவு இருப்பது இங்கே சாதாரணம். சர்வேயரை வைத்து அளந்த பிறகுதான் முன்பணம். 30 ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும்.

குடும்பச் சொத்தாக இருந்தால் பெண் மக்களின் கையெழுத்து இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். கிறிஸ்தவக் குடும்பச் சொத்தில் இது இன்னும் முக்கியம். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கு ஸ்ரீதனம் என்ற பெயரில் சிறு தொகைதான், சொத்தில் சமபங்கு இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்தப் பகுதிக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு பங்கு. ஆண் மக்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பத்திரத்தை நம்பி வாங்கினால், கேரளத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒரு சகோதரியின் வழக்கு பத்து ஆண்டு கழித்தும் வரலாம். விடுதலைப் பத்திரம் இல்லாமல் தொடாதீர்கள்.

கடற்கரைக் கிராமம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா, மலையடிவாரம் என்றால் தனியார் காடு அல்லது மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் அந்த சர்வே எண் இருக்கிறதா, வயலை நிரப்பிய மனை என்றால் மனைப்பிரிவு அங்கீகாரம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். வயலை நிரப்பிய இடத்துக்கு இன்னொரு பிரச்சினை: ஐப்பசி மழையில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி எதிர்த்து வரும்.

அந்த இடத்திலிருந்தே தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே வீடு காலியாவதற்கு முதல் காரணம் தண்ணீர்தான். பெரும்பாலான வீட்டில் குடிநீரும் கிணறுதான், கழிவறைக் குழியும் அதே காம்பவுண்டில்தான். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். 5 செண்ட் என்பது 2,178 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர் சொச்சம், மூலைக்கு மூலை 20 மீட்டர். ஆகவே கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரிவரும். நம் எதிர் மூலை, பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றுக்கு அடுத்த மூலையாக இருந்தால் சரிவராது. வீடு பார்க்கப் போகும்போது முதலில் இந்த இரண்டையும் காட்டச் சொல்லுங்கள், பிறகு மதிலுக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். பங்குனியில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விற்பவரிடம் கேட்காமல் அண்டை வீட்டில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து உப்பு, இரும்பு, கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) மூன்றையும் சோதித்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அதிகம் இறைத்தால் உப்பு ஏறும். நகருக்குள் குழாய் இணைப்பு இருந்தால் பெரிய பலம். முக்கடல் அணையை நம்பிய நகரம் நாகர்கோவில். கோடையில் குழாய்த் தண்ணீர் வரும் நாட்கள் குறையும் என்பதால், நாலு பேர் குடும்பத்துக்கு 1,000 லிட்டர் மேல்தொட்டியோடு கீழே 3,000 லிட்டராவது சேமிப்புத் தொட்டி வேண்டும்.

கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடுவதில் அளவு முக்கியம். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 12,500 லிட்டர் இருக்கும். 31 கிராம் போதும். பொடியை அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். மழைவெள்ளம் கிணற்றில் இறங்கிவிட்டால், கலங்கல் தெளிய இறைத்த பிறகு இன்னும் கூடுதல் அளவில் போட வேண்டியிருக்கும்.

கழிவுநீர்த் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரி வைத்து எடுத்துவிடுங்கள். லாரி வர முடியாத முடுக்குக்குள் இருக்கும் வீடு என்றால், குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்று முன்பே அளந்து சொல்லுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வேலைக்கு அழைத்தவர் மேல் வழக்கு வரும். அதைவிட, உள்ளே தேங்கிய வாயுவில் முதலில் இறங்கியவரும் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் இதை வாடகைதாரரிடமும் மேற்பார்வை பார்ப்பவரிடமும் வெளிப்படையாகச் சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்தது கூரை. நமக்கு மழை இரண்டு தடவை. இடவத்தில் (வைகாசியில்) தொடங்கும் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்கு. பழுதுபார்க்கக் கிடைப்பது மாசி முதல் சித்திரை வரைதான். மே மாதத்தில் மாறுதலாகி வரும் அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் வீடு தேடுவார்கள். அதனால் ஏப்ரலுக்குள் கூரை வேலை முடிந்து, மே மாதம் சுவர் காய்ந்து வீடு தயாராக நிற்க வேண்டும். மழைக்காலத்தில் அவசரமாகப் பெயிண்ட் அடித்தால் இரண்டே மாதத்தில் கொப்புளித்து உதிரும், ஏனென்றால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது.

மொட்டை மாடி ஒழுகுவது பெரும்பாலும் நடுவில் இல்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூட்டில், தண்ணீர் இறங்கும் வாயில், தொட்டித் திண்டின் அடியில். வெயிலில் தளம் விரியும், மழையில் சுருங்கும். அந்த அசைவில் மூட்டு பிளக்கிறது. தென்னை, மா, பலா இலை அடைத்து நீர் தேங்கினால் அந்தப் பிளவு வழியே இறங்கும். சோதிக்க, வடிகுழாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பார்க்க வேண்டும். மூட்டில் விரிசலை வெட்டித் திறந்து பாலிமர் கலந்த சாந்து வைத்து அடைத்து, மூட்டின் மூலையைச் சாந்தால் சரிவாக உருட்டி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட்டாவது போக வேண்டும். விரிசலைத் திறக்காமல் மேலே பூச்சு மட்டும் அடிப்பது ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

மாடிக்கு மேல் ஷீட் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. வெயிலுக்கும் ஒழுக்குக்கும் நல்லதுதான். ஆனால் 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது கூரை ஷீட்கள் பறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. தூண்களைத் தளத்துக்கு மேல் வெறும் தகட்டில் ஆணி அடித்து நிறுத்தக் கூடாது. கான்கிரீட்டில் இறக்கிய போல்ட்டில் நிற்க வேண்டும். ஷீட்டின் விளிம்பு வரிசையில் திருகு நடுவில் இருப்பதைவிட நெருக்கமாக வர வேண்டும், ஏனென்றால் காற்று முதலில் தூக்குவது விளிம்பைத்தான். ஓட்டு வீடு என்றால் ஆண்டுதோறும் சித்திரையில் உடைந்த ஓட்டை மாற்றி, ஓடு தாங்கும் மரச் சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வீட்டை நோக்கிச் சாய்ந்த தென்னையை மழைக்கு முன்பே கம்பி போட்டு இழுத்துக் கட்டுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் கம்பி அரிப்பை நிச்சயம் கணக்கில் வையுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பல மடங்கு உப்புவதால் மேலுள்ள கான்கிரீட் வெடித்துச் சன்ஷேடின் அடிப்பக்கம் உதிர்கிறது. கழுவாத கடல் மணலில் கட்டிய வீட்டில் இது உள்ளிருந்தே தொடங்கும். கடற்காற்று படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பழைய வீடுகளில் அதில் பாதிகூட இருக்காது. சிமெண்ட் பாலைப் பூசி மறைத்த சன்ஷேடைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. தளர்ந்ததை முழுதும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் சாந்தால் நிரப்புவதே வழி. கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஜன்னலுக்கு இரும்பைவிட அயினி, பலா போன்ற உள்ளூர் மரமோ யு.பி.வி.சி.யோ கடற்கரைக்கு ஏற்றது.

யாருக்கு விடுவது? ஆசாரிபள்ளத்தில் பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளியோடு நீண்டநாள் தங்குகிறவர்கள். கோணத்தில் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள். குமாரகோவிலில் பல்கலைக்கழக மாணவர்கள். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மருத்துவமனை, வங்கி, கடை ஊழியர்கள். மணவாளக்குறிச்சியில் அரிய மணல் ஆலை ஊழியர்கள். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலை பார்ப்பவர்கள் பலர் நாகர்கோவிலில் குடும்பம் வைக்கிறார்கள். மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டால் தொகை கூடும். தேய்மானமும் தண்ணீர்ச் செலவும் அதைவிட வேகமாகக் கூடும், ஏப்ரல் மே காலியாகவும் கிடக்கும். கீழே அம்மா தனியாக இருக்கும்போது மாணவர் அறை வேண்டாம் என்றே சொல்வேன். சிறு குடும்பமோ இரண்டு செவிலியர்களோ போதும். படிக்கட்டு மட்டும் வெளியே, தனி வாசலோடு இருக்கட்டும்.

சாதி, மதம் கேட்டு வீடு விடுகிற வழக்கம் நம் ஊரில் வெட்கமில்லாமல் நடக்கிறது. அது மனிதரை இழிவுபடுத்துவது. கணக்காகப் பார்த்தாலும் உங்கள் வீட்டைத் தேடி வரக்கூடியவர்களில் பெரும்பகுதியை நீங்களே வாசலில் திருப்பி அனுப்புகிறீர்கள். கேட்க வேண்டியவை வேறு: எங்கே வேலை, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை வருகிறதா, எத்தனை பேர் குடியிருப்பார்கள், முன்பு இருந்த வீட்டுக்காரரின் எண் என்ன. அந்த எண்ணுக்குப் பேசி, வாடகை எந்தத் தேதியில் வரும், வீட்டை எப்படி விட்டுப்போனார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆதார் நகல், பணி அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் வேண்டும். 11 மாதத்துக்கு எழுதுவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டம் சார்பதிவாளரிடம் பதியச் சொல்வதால் வந்த பழக்கம். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. இதற்கென இணையதளம் உண்டு. பதிவு எண் வாங்கிவிடுங்கள். தகராறு வந்து அங்கே போய் நிற்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. மூன்று மாதமே நியாயம்.

ஒப்பந்தத்தில் பலர் விட்டுவிடுவது: குடியேறும் நாளின் மின் மீட்டர் அளவு, சாவி எத்தனை, மின்விசிறி, விளக்கு, குழாய், வாஷ்பேசின் ஒவ்வொன்றின் எண்ணிக்கை, சுவரின் புகைப்படங்கள், கிணற்று மோட்டாரின் மின்செலவு யாருடையது, தேங்காயும் மாங்காயும் யாருக்கு. கடைசியது சின்ன விஷயமாகத் தோன்றும். இங்கே வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் முதல் மனக்கசப்பு பெரும்பாலும் தேங்காயில்தான் தொடங்குகிறது. பழுது யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையே நல்ல வழிகாட்டி. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்சு, பிளக், அடைப்பு எடுப்பது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரர். உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பும் ஒழுங்கை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டவிரோதம். இரண்டு மாத வாடகை பாக்கியானால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழிதான் வழி.

மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்குவதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். இரண்டு மாதக் கணக்கில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருந்து 500 யூனிட்டைத் தாண்டினால், 101-ஆவது யூனிட்டிலிருந்தே சலுகை விலை மாறி இருவருக்கும் பில் குதிக்கும். யார் எவ்வளவு என்ற சண்டை அடுத்த மாதமே வரும். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் ஒன்றும் சரியான எர்த்தும் போட்டுவிடுங்கள். ஈரமான குளியலறையும் பழைய ஹீட்டரும் சேர்ந்தால் உயிர் போகும். இதில் ஒரு ரூபாய்கூடச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒத்திக்கு விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐந்து லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டு வாடகை இல்லாமல் இருக்கவிடுவது தென்மாவட்டங்களில் வழக்கம்தான். அந்தப் பணத்தை அப்படியே வைப்பில் போட்டு வைக்கும் மன உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். பெரும்பாலும் அது கட்டட வேலையிலோ கல்யாணத்திலோ கரைந்துவிடும். காலம் முடிந்ததும் அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் இவருக்குத் திருப்ப முடியும் என்ற நிலை வரும். பணம் திரும்பும் வரை அவர் வெளியேற மாட்டார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி, பதிவு செய்த பத்திரமாக, இரண்டு சாட்சியோடு இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் ஆபத்து. வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை ஒத்திக்கு விடுவது, அவருடைய சேமிப்பை வங்கிக்குப் பின்வரிசையில் நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு வரியில் ஒரு கண்ணி உண்டு. வாடகைக்கு விடுபவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாடகைதாரர் 31.2 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் தர வேண்டும். 9,000 வாடகைக்கு 2,808 ரூபாய். இதற்கு அவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டும். பெரும்பாலான வாடகைதாரருக்கு இது தெரியாது, தெரிந்தால் வேறு வீடு பார்ப்பார். உங்கள் மொத்த இந்திய வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வரித் துறையில் விண்ணப்பித்து வாங்கிக் கொடுங்கள். வாடகை பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) வரும். ஆசாரிபள்ளம் வீடு அம்மா பெயரில் இருந்து, மாடியும் அவருடையதாகவே இருந்து, வாடகையும் அவர் கணக்குக்கே போனால் இந்தச் சிக்கல் எழாது. அவருக்கு அது மாத வருமானம். வாடகையில் உள்ளாட்சி வரி போக மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழித்த பிறகே வரி கணக்கிடப்படும் என்பதால், வேறு வருமானம் இல்லாதவருக்கு வரி வரவே வாய்ப்பில்லை. ஆனால் உங்கள் 21 லட்சம் அம்மாவின் சொத்தில் போகிறது, உடன்பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு வரும். பணம் போடும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, உயிலோ செட்டில்மெண்டோ எழுதிக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

உங்கள் பெயரில்தான் சொத்து என்றால் உள்ளூரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்பியதை, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட, வாடகை பெற, வரியும் மின் கட்டணமும் கட்ட, பழுது பார்க்க என்று மட்டும் எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை உறவினருக்குக்கூடத் தர வேண்டாம். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அங்கிருந்தே இணையத்தில் கட்டலாம்.

வீடு காலியாகும் நாளில் செய்ய வேண்டியது: குடியேறிய நாளின் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாடகைதாரரோடு சேர்ந்தே அறை அறையாகப் பாருங்கள். மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் காலி செய்தால் பில் வந்திருக்காது. அன்றைய மீட்டர் அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்து, உரிய விலையில் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஆணித் துளை, மங்கிய பெயிண்ட் போன்றவை குடியிருந்த தேய்மானம். அதற்கு முன்பணத்தில் கை வைக்கக் கூடாது. உடைந்த வாஷ்பேசினுக்குப் பில்லைக் காட்டிப் பிடிக்கலாம். மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம், சாவி வாங்கும்போதே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அதற்காக முன்பணத்தைச் செலவழிக்காமல் தனிக் கணக்கில் வைத்திருங்கள்.

பிறகு, அடுத்தவர் வரும் முன் ஒரு வாரம் வீட்டைத் திறந்து போட்டு, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுக் கசிவு பார்த்து, மேல்தொட்டியைக் கழுவி, முன்வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள்.